ஸ்டெப்னியை எடுத்தது யார்?

ராத்திரி பத்தரை மணி. மத்திய கைலாஷ் சிக்னலைத் தாண்டி சர்தார் படேல் ரோட்டில் கிண்டியைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். திடீரென்று வண்டியின் பின்பக்கம் பாம்பு மாதிரி நெளிகிறது. பக்கத்தில் போகிற புண்ணியவான், ''சார், பின் வீல்ல காத்து இல்ல!'' என்று கத்திவிட்டுப் பறக்கிறார். (சைடு ஸ்டாண்டு எடுக்காமல் போகிறவனைத் துரத்திப் பிடித்துச் சொல்கிற ஊர் இது. அந்த ஒரு விஷயத்தில் சென்னைக்காரனை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது!)

இறங்கிப் பார்க்கிறீர்கள். டயர் சப்பாத்தி.

ஒரு பக்கம் ஐ.ஐ.டி., காந்தி மண்டபம், சிறுவர் பூங்கா, கவர்னர் மாளிகை. இன்னொரு பக்கம் தோல் ஆராய்ச்சி நிறுவனம், அண்ணா பல்கலைக்கழகம். நாட்டின் மிகப் பெரிய இன்ஜினீயரிங் மூளைகள் எல்லாம் காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு பஞ்சர் ஒட்ட நாதியில்லை. பஞ்சரான வண்டியோடு அநாதையாக நிற்க பாலைவனத்துக்குப் போக வேண்டியதில்லை. அடையாறே போதும்.

தள்ளிக்கொண்டு நடக்கும்போது என்ன நினைப்பீர்கள்? 'இன்னிக்கு யார் மூஞ்சியில முழிச்சேனோ!' என்றுதான். நம்மில் எல்லோருமே அப்படித்தான். பஞ்சர் என்பது விதி, கிரகம், சனி. அதற்குப் பொறுப்பு என்று யாரையும் கைகாட்ட முடியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் 'இந்தச் செலவு யார் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது?' என்று கேட்கிற புத்தி. அப்படிக் கேட்டுப் பார்த்தால், ஆணி குத்துவது வேண்டுமானால் விதியாக இருக்கலாம். அதற்குப் பிறகு நீங்கள் ஒன்றரை கிலோமீட்டர் வண்டியைத் தள்ளுவது விதி அல்ல. அது யாரோ மிச்சம் பிடித்த காசு.

முப்பது வருடம் பின்னால் போங்கள். மயிலாப்பூர் மாட வீதிகளில் காலையில் என்ன சத்தம் கேட்கும்? வீட்டு வாசலில் ஒருவர் சேத்தக்கை ஒருபக்கமாகச் சாய்த்து நிமிர்த்தி, உதை உதை என்று உதைத்துக்கொண்டிருப்பார். 1972-ல் வந்த வண்டி. இன்றைய இளைஞர்களுக்கு அது ஒரு காமெடிப் பொருள். ஆனால், அந்தக் காமெடி வண்டியின் முதுகில் ஒன்று இருந்தது. ஸ்டெப்னி! பஞ்சரா? பூந்தமல்லியோ புதுச்சேரியோ, வண்டியைச் சாய்த்துப் போட்டு, நாலைந்து நட்டைக் கழற்றி, ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். முன் வீலும் பின் வீலும் ஒரே அளவு. பேங்க் கிளார்க், வாத்தியார், எல்.ஐ.சி. ஏஜென்ட் எல்லோரும் செய்த வேலைதான். அதற்காக யாரும் கைதட்டவில்லை.

அந்த 'ஸ்டெப்னி' என்ற வார்த்தையே வேடிக்கையானது. இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸில், லானெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி என்று ஒரு தெரு. அங்கே இருந்த கம்பெனி, 1900-களின் ஆரம்பத்தில் கார்களுக்கு உதிரி வீல் செய்து விற்றது. தெருப் பெயர் வீலுக்கு வந்து, வீல் உலகம் சுற்றி, இங்கே நிலைத்துவிட்டது. இப்போது வார்த்தை மட்டும் நம்மிடம் இருக்கிறது. இரண்டு சக்கரத்தில் போகிறவனுக்குப் பொருள் இல்லை.

2001-ல் ஆக்டிவா வந்தது. அதற்கு முன்னும் பின்னும் கியர் இல்லாத ஸ்கூட்டர்கள் வரிசை கட்டி வந்தன. கிளட்ச் இல்லை, கியர் இல்லை, சாய்க்க வேண்டாம், உதைக்க வேண்டாம். லட்சக்கணக்கான பெண்கள் வண்டி ஓட்ட ஆரம்பித்ததற்கு இந்த வண்டிகள்தான் காரணம். அதைக் குறை சொல்லவே மாட்டேன். ஆனால், கியரோடு சேர்த்து ஸ்டெப்னியையும் கழற்றிவிட்டார்களே, அதற்குப் பதில் என்ன கொடுத்தார்கள்? சீட்டுக்கு அடியில் ஒரு டப்பா!

பைக்குகளுக்கு எப்போதுமே ஸ்டெப்னி கிடையாது, உண்மை. ஆனால், சில பழைய பைக்குகளில் கைப்பம்ப் மாட்டிவைக்க இடம் இருந்தது. டூல்ஸ் பாக்ஸைத் திறந்தால் உள்ளே நிஜமாகவே டூல்ஸ் இருந்தன. இப்போது? புது பைக்கின் சீட்டைக் கழற்றிப் பாருங்கள். ஒரு சின்னப் பையில் இரண்டு ஸ்பானர், ஒரு ஸ்க்ரூ டிரைவர். சில வண்டிகளில் கிக்கர் போச்சு. சில வண்டிகளில் சென்டர் ஸ்டாண்டும் போச்சு. பின் வீலைத் தரையிலிருந்து தூக்கக்கூட வழியில்லாமல் வண்டி விற்கிறார்கள். சென்டர் ஸ்டாண்டு வேண்டுமா? 'ஆக்ஸசரி சார், தனி சார்ஜ்' என்கிறான் ஷோரூம் பையன்.

2024-25 நிதியாண்டில் மட்டும் இந்தியாவில் விற்ற இருசக்கர வாகனங்கள் சுமார் 1 கோடியே 96 லட்சம். ஒரு வண்டிக்கு 500 ரூபாய் மதிப்புள்ள சாமான் தராமல் விட்டால் என்ன மிச்சம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 980 கோடி ரூபாய். 500 என்பது நான் வைத்துக்கொண்ட எண்தான். 300 என்று வைத்தாலும் 588 கோடி வருகிறது. அந்தப் பணம் ஆவியாகிப் போகவில்லை. நீங்கள் தள்ளிக்கொண்டு நடக்கிற ஒவ்வொரு கிலோமீட்டரிலும் வியர்வையாக அதைக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

'அரசாங்கம் இதிலெல்லாம் தலையிட முடியுமா?' என்று கேட்பீர்கள். தலையிட்டிருக்கிறதே! ஆனால், காருக்கு!

2020-ல் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. கார்களில் ஸ்டெப்னி இல்லாமல் விற்கலாம். ஆனால், சும்மா இல்லை. ட்யூப்லெஸ் டயர் இருக்க வேண்டும். காற்று குறைந்தால் எச்சரிக்கிற கருவி இருக்க வேண்டும். டயர் ரிப்பேர் கிட் கொடுக்க வேண்டும். மூன்றும் இருந்தால்தான் ஸ்டெப்னிக்கு விலக்கு. நல்ல விதி. நியாயமான விதி. இதையே ஏன் இருசக்கர வாகனத்துக்குச் சொல்லக் கூடாது? ஏ.சி. காருக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு உதவிக்கு போன் செய்யக்கூடியவருக்கு கிட் கட்டாயம். கொட்டுகிற மழையில் ரோட்டில் நிற்கிறவனுக்கு எதுவும் வேண்டாம். இது என்ன நியாயம்?

வண்டி விற்கும்போது கம்பெனி ஹெல்மெட் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த வரிசையில் இன்னும் ஒரு பொருளைச் சேர்க்க ஒரு வரி போதும். தமிழ்நாடு இதைக் கேட்காமல் வேறு யார் கேட்பது? 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்து ஆரம்பித்த எம்.ஆர்.எஃப்., அதே திருவொற்றியூரில் புல்லட், ஓசூரில் டி.வி.எஸ்., ஒரகடத்தில் அப்போலோ, தேர்வாய் கண்டிகையில் மிஷலின், வல்லம் வடகாலில் யமஹா... டயரும் இங்கே, வண்டியும் இங்கே. பஞ்சர் ஆனால் மட்டும் பகவான் விட்ட வழி!

மிஷலின் என்றதும் ஒரு பழைய கதை. 1891-ல் அந்தச் சகோதரர்கள் கழற்றி மாட்டக்கூடிய சைக்கிள் டயரைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் டயரை வீலோடு கோந்து வைத்து ஒட்டியிருப்பார்கள். பஞ்சர் பார்க்க மணிக்கணக்காகும். 1892-ல் பாரீஸிலிருந்து தங்கள் ஊர் வரை ஒரு சைக்கிள் ரேஸ் வைத்து, வழியில் இவர்களே ஆணியைத் தூவினார்கள்! எதற்கு? 'பாருங்கள், எங்கள் டயரில் பஞ்சர் ஆனால் ஓட்டுகிறவனே நிமிடத்தில் சரிசெய்துகொள்வான்' என்று ஊருக்குக் காட்ட. அன்றைக்கு ஒரு டயர் கம்பெனியின் பெருமை அதில் இருந்தது. இன்றைக்கு விளம்பரத்தில் ப்ளூடூத் இருக்கிறது, மொபைல் சார்ஜர் இருக்கிறது. பஞ்சர் என்ற வார்த்தையையே காணோம்.

இதென்ன பெரிய பிரச்னை, அரை மணி நேரம் நடந்தால் போச்சு என்பவர்களுக்காக அடுத்த விஷயம். சொல்லக் கசப்பாகத்தான் இருக்கிறது.

2019 நவம்பர் 27. ஹைதராபாத் பக்கம் ஷம்ஷாபாத். ஓர் இளம் கால்நடை டாக்டர். டோல்கேட் பக்கத்தில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் போய், இரவு திரும்பி வந்தார். டயரில் காற்று இல்லை. போலீஸ் சொன்னபடி, காற்றைப் பிடுங்கிவிட்டதே அங்கே காத்திருந்த நான்கு லாரி ஆட்கள். 'நாங்க பஞ்சர் ஒட்டிக் கொண்டுவர்றோம்' என்று உதவி செய்வதுபோல வந்தவர்களும் அவர்களே. தங்கைக்கு போன் செய்து பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு நடந்தது நாடே அறிந்தது.

நாடு என்ன செய்தது? டிசம்பர் 6-ம் தேதி நான்கு பேரும் என்கவுன்ட்டரில் கொல்லப்பட்டதும் போலீஸ் மீது பூ தூவியது. (சுப்ரீம் கோர்ட் அமைத்த சிர்புர்கர் கமிஷன், போலீஸ் சொன்ன அந்தக் கதையை நம்ப முடியாது என்று 2022-ல் சொன்னபோது பூ தூவியவர்கள் யாரும் பேசவில்லை.) இங்கே தமிழ்நாட்டில் கல்லூரி கல்லூரியாகப் போய் 'காவலன்' ஆப்பை டவுன்லோடு செய்யச் சொன்னார்கள். செய்யட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. குற்றத்துக்கு முழுப் பொறுப்பு குற்றவாளிகள்தான், அதிலும் சந்தேகமில்லை. ஆனால், ஒரே ஒரு கேள்வியை யாருமே கேட்கவில்லை. வால்வைப் பிடுங்கினால் ஒரு பெண்ணை நடுரோட்டில் நிறுத்திவிடலாம் என்ற தைரியம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? எந்த ஸ்கூட்டரிலும் காற்றடிக்க வழி கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும் என்பதிலிருந்துதானே? அந்த சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன பம்ப் இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கிறேன். வெறுமனே காற்று இறங்கிய டயருக்கு ஐந்து நிமிட வேலை.

ஓ.எம்.ஆரில் ஷிஃப்ட் முடித்து நடுராத்திரி ஸ்கூட்டரில் திருவான்மியூருக்கும் மந்தைவெளிக்கும் திரும்புகிற பெண்களை நினைத்துக்கொண்டு இந்தப் பாராவை இன்னொரு தடவை படியுங்கள்.

சரி, கம்பெனிதான் கைவிட்டது. ஊர் என்ன செய்கிறது?

எனக்குத் தெரிந்து பஞ்சர் கடை என்பது ஒரு பழைய டயர், ஒரு கம்ப்ரஸர், ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் அழுக்குத் தண்ணீர். ஆறடிக்கு நாலடி இடம். 'ஆக்கிரமிப்பு அகற்றம்' என்று ஒரு லாரி வந்தால் முதலில் ஏறுவது அந்தக் கம்ப்ரஸர்தான். 2019 நவம்பரில் தி.நகர் பாண்டி பஜாரில் ஸ்மார்ட் சிட்டி நடைபாதை திறந்தார்கள். நடக்க அருமையாக இருக்கிறது, மனசாரப் பாராட்டுகிறேன். பட்டுப்புடவையிலிருந்து பானிபூரி வரை அங்கே கிடைக்கும். காற்று? பனகல் பார்க்கிலிருந்து அண்ணா சாலை வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பாருங்கள். ஊர் ஸ்மார்ட் ஆக ஆக பஞ்சர் கடைக்காரன் உள்தெருவுக்குள் போய்க்கொண்டே இருக்கிறான்.

நடைபாதை நடப்பவருக்கே என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், 2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் பொருள் விற்பவரை மட்டும் சொல்லவில்லை, பொதுமக்களுக்கு சேவை செய்பவரையும் சேர்த்தே சொல்கிறது. பஞ்சர் ஒட்டுபவர் அதில் வருவார். விற்பனைக் குழு என்று ஒன்று வைத்து, இடம் குறித்து, சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. பல அடுக்கு வாகன நிறுத்தம் கட்டினார்களே, அதில் ஒரு மூலை போதாதா?

உடனே ஒருத்தர் எழுந்து, ''சார், ஆணியைப் போடுறதே பஞ்சர் கடைக்காரன்தான்'' என்பார். பெங்களூரு அவுட்டர் ரிங் ரோட்டில் ஓர் இன்ஜினீயர் தினமும் காந்தத்தை இழுத்துக்கொண்டு போய் கிலோ கணக்கில் ஆணி பொறுக்கினார். பத்து வருடம் முன்பு பேப்பரில் எல்லாம் வந்தது. அப்படிப்பட்ட அயோக்கியர்கள் இருக்கலாம். அதற்கு வழி என்ன? லைசென்ஸும் நம்பரும் கொடுத்து ஒரே இடத்தில் உட்காரவைப்பதா, இல்லை இன்றைக்கு இங்கே, நாளைக்கு அங்கே என்று துரத்திக்கொண்டே இருப்பதா? முகவரி உள்ளவனைத்தான் கேள்வி கேட்க முடியும். அதுவும் போக, லஸ், மந்தைவெளி, அடையாறு எங்கும் மெட்ரோ வேலை நடக்கிறது. ரோட்டில் கம்பித் துண்டு கிடக்க பஞ்சர் கடைக்காரன் வேண்டியதே இல்லை.

பெட்ரோல் பங்க் கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கே தெரியும். காற்று, குடிநீர், கழிப்பறை, முதலுதவிப் பெட்டி எல்லாம் இலவசமாக இருக்க வேண்டும் என்று எண்ணெய் கம்பெனிகளே டீலர்களுக்கு விதி வைத்திருக்கின்றன. நம் பங்க்குகளில் காற்று மெஷினில் அடிக்கடி தொங்குவது 'ரிப்பேர்' என்ற அட்டை. பெட்ரோல் போடுகிற மெஷின் மட்டும் எப்படி ஸ்வாமி ரிப்பேரே ஆவதில்லை?

இந்த அலட்சியத்துக்கு அடியில் வேறு ஒன்று இருக்கிறது. 'ஒழுங்காப் படிக்கலேன்னா பஞ்சர் ஒட்டத்தான் போவே' என்று பிள்ளைகளைத் திட்டுகிற வீடுகள் எத்தனை! 2025 ஏப்ரலில் ஹரியானாவில் வக்ஃப் சொத்து பற்றிப் பேசிய பிரதமர், அதை நேர்மையாகப் பயன்படுத்தியிருந்தால் முஸ்லிம் இளைஞர்கள் சைக்கிள் பஞ்சர் ஒட்டிப் பிழைக்க வேண்டி வந்திருக்காது என்றார். வக்ஃப் விவகாரம் தனி. அதை இங்கே இழுக்கவில்லை. ஆனால், கீழான பிழைப்புக்கு உதாரணம் வேண்டும் என்றால் டெல்லி வரை எல்லோர் வாயிலும் பஞ்சர்தான் வருகிறது. ராத்திரி பதினொரு மணிக்கு ஒரே ஒரு பஞ்சர் கடையில் லைட் எரிவதைப் பார்த்தவரைக் கேளுங்கள், அது கீழான தொழிலா என்று.

''இப்பதான் எல்லாம் ட்யூப்லெஸ் ஆச்சே, இன்னும் என்ன பஞ்சர் புராணம்?'' என்று ஒரு கட்சி. ட்யூப்லெஸ்ஸில் காற்று மெதுவாக இறங்கும், உண்மை. ஆனால், இறங்கும். அதோடு, மயிலாப்பூர் காய்கறிக் கடைகளுக்கும் பூக்கடைகளுக்கும் மூட்டை சுமந்து வருகிற எக்ஸ்.எல். வண்டிகளைப் பாருங்கள், பெரும்பாலும் ஸ்போக் வீல், ட்யூப் டயர். பணம் குறைந்தவன் வண்டியில்தான் பஞ்சர் சட்டென்று காலை வாரும். ''ஆப்-ல கூப்பிட்டா வீட்டுக்கே வருவாங்க'' என்று இன்னொரு கட்சி. வீட்டுக்கு வருவார்கள். வீடு இல்லாத ரோட்டில், முன்பின் தெரியாத ஒருவனுக்கு லொகேஷன் அனுப்பிவிட்டு முக்கால் மணி நேரம் தனியாக நிற்பதை வசதி என்கிறீர்களா?

சாப்பாடு கொண்டுவருகிற பையனுக்கு அந்த முக்கால் மணி நேரமும் கிடையாது. பஞ்சர் செலவு அவனுடையது, போன ஆர்டரும் அவனுடையது. 2025-ல் மாநகராட்சி அண்ணா நகரிலும் தி.நகரிலும் இவர்களுக்காக ஏ.சி. ஓய்வறை திறந்தது. நல்ல காரியம். ஓய்வறை வாசலில் ஒரு கால்பம்பும், சங்கிலி போட்ட இரண்டு டயர் லீவரும் இருந்தால் இன்னும் நல்ல காரியம். வெளிநாட்டுப் பல்கலைக்கழக வளாகங்களில் சைக்கிளுக்கு இப்படிக் கம்பம் நட்டுவைத்திருக்கிறார்கள். யாரும் தூக்கிக்கொண்டு போய்விடவில்லை.

விதி வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. அண்ணா சாலையை ஒட்டிய ஜி.பி. ரோட்டுக்கு ஒருநாள் போங்கள். ட்யூப்லெஸ் கிட், கால்பம்ப் இரண்டும் ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். சீட்டுக்கு அடியில் டப்பா சும்மாதானே இருக்கிறது?

வேலை இவ்வளவுதான். ஆணியைப் பார்த்ததும் பிடுங்காதீர்கள். எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே குறடால் பிடுங்க வேண்டும். கிட்டில் இருக்கும் முறுக்குக் கம்பியை ஓட்டைக்குள் விட்டு நாலைந்து தடவை குடையுங்கள். ஊசியில் ரப்பர் திரியைக் கோத்து, சொல்யூஷன் தடவி, இரண்டு நுனியும் வெளியே அரை அங்குலம் நிற்கும்வரை அழுத்துங்கள். பிறகு ஊசியை வெடுக்கென்று இழுங்கள். திரி உள்ளே தங்கிவிடும். நீட்டியிருப்பதை வெட்டிவிட்டுக் காற்றடியுங்கள். எச்சில் தொட்டு வையுங்கள். குமிழி வரவில்லையா? கிளம்புங்கள். பழகிய கைக்குப் பதினைந்து நிமிடம்.

ட்யூப் டயர் என்றால் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். பஞ்சரோடு ஓட்டவே கூடாது, வால்வு பிய்ந்து ட்யூபே போய்விடும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, லீவரால் டயரின் ஒரு பக்கத்தை மட்டும் ரிம்மிலிருந்து கிளப்பினால், வீலைக் கழற்றாமலே ட்யூபை உருவிவிடலாம். பஞ்சர் கடையில் செய்வதும் அதுதான், கவனித்திருக்க மாட்டோம். காற்றடித்து, தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துக் குமிழி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அவசரப்படாமல் காயவிட்டு, பேட்ச் ஒட்ட வேண்டும். ட்யூபைத் திரும்பப் போடும் முன் டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். ஆணி அங்கேயே உட்கார்ந்திருந்தால் பத்தடியில் மறுபடி பஞ்சர்.

திருவான்மியூர் ஆர்.டி.ஓ. ஆபீஸாகட்டும், மந்தைவெளியாகட்டும், லைசென்ஸ் வாங்க எட்டு போடச் சொல்கிறார்கள். வாழ்க்கையில் அதற்கப்புறம் எந்த ரோட்டிலும் நாம் எட்டு போடப்போவதில்லை. அந்த மைதானத்து ஓரத்தில் ஒரு பழைய வீலை நிறுத்தி, 'இதில் ஒரு திரி வைத்துக் காட்டுங்கள்' என்று இன்ஸ்பெக்டர் கேட்கட்டுமே. கேட்டால், கிட் இல்லாமல் வண்டி விற்கிற கம்பெனியிடம் நாமே போய் 'என் கிட் எங்கே?' என்று கேட்போம்.